நடு அடுக்கு

பைப்பில் புகையிலை அடைப்பதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முதல் தடவை குழந்தையின் கையால் அழுத்த வேண்டும், இரண்டாம் தடவை பெண்ணின் கையால், மூன்றாம் தடவை ஆணின் கையால். பைப் பிடிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அடியில் இருக்கும் புகையிலை தளர்வாக இருந்தால்தான் காற்று போகும். மேலே வரவர இறுக்கம் கூடினால்தான் நெருப்பு நின்று எரியும். அதைச் சட்டென்று புரியவைக்க யாரோ சொல்லிவைத்த உவமை. செய்முறை என்று பார்த்தால் விதியில் பிழை இல்லை. அந்த உவமையில் பெண்ணின் கைக்குக் கிடைத்திருக்கும் இடத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு மேலே, ஆணுக்குக் கீழே, நடு அடுக்கில் அது இருக்கிறது.

எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் மாடி அறையில் ஐந்து மாதம் வாடகைக்கு இருந்த ஜெர்மனிக்காரம்மா. எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் நடந்து வருண லிங்கத்தைத் தாண்டினால், வாயு லிங்கத்துக்கு முன்னால், மலைக்கு மேற்கே எங்கள் ஊர் வரும். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான ஜனம் எங்கள் ஊரைக் கடந்து நடக்கும். மற்ற நாட்களில் சாதுக்களும், ஆடுமாடுகளும், நாங்களும்தான். கார்த்திகை தீபத்தையொட்டி வருகிற வெளிநாட்டார் வெயில் ஏறும்வரை வாடகைக்கு இருப்பார்கள். அந்த வாடகையில்தான் எங்களைப் போன்ற பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புச் செலவு ஓடுகிறது.

அந்த அம்மாவுக்கு 65 வயதுக்கு மேல் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப் படியில் உட்கார்ந்து, மலையைப் பார்த்தபடி பைப் பிடிப்பார். தெருவில் யாரும் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. “அவங்க ஊர்ப் பழக்கம்” என்று விட்டுவிட்டார்கள். பாதையோரம் சிலும்பி பிடிக்கும் சாதுக்களையும் யாரும் கேட்பதில்லை. அவர்கள் சாமி. டீக்கடை பெஞ்சில் பீடியோடு குந்தியிருக்கும் ஆண்களைப் பற்றிக் கேள்வியே கிடையாது. என் ஆயா சுருட்டு பிடித்தவள். நடவுக்கும் களைக்கும் போய்வந்து, களத்துமேட்டில் குந்தி, அரைச் சுருட்டு முடிகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். கூலி வேலை செய்கிற கிழவி என்பதால் அவளையும் ஊர் விட்டுவைத்தது.

ஆக, வெளிநாட்டுக்காரி புகைக்கலாம், துறவி புகைக்கலாம், ஆண் புகைக்கலாம், கிழவி புகைக்கலாம். தாலி கட்டிய, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற, நடுவயதுப் பெண் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. இங்கேயும் ஒரு நடு அடுக்கு. எங்கள் குடும்பம் ஓட்டு வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு வந்து, பெண்கள் பத்தாவது தாண்டிப் படித்தபோது, ஆயாவின் சுருட்டு கேவலமான பேச்சாகிவிட்டது. என் அம்மா அதைத் தொடவில்லை. அவள் உடம்புக்கு அது நல்லதுதான். ஆனால் சுருட்டோடு சேர்த்து அந்தக் களத்துமேட்டுக் குந்தலும் எங்கள் கையைவிட்டுப் போனது. ஆயா உட்கார்ந்ததுபோல என் அம்மா ஒருநாளும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆசை வந்தது அந்தப் பைப்பின்மேலா, அவர் உட்கார்ந்திருந்த விதத்தின்மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. “எனக்குக் கத்துக்கொடுங்க” என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தன்னிடமிருந்த இன்னொரு பைப்பை எடுத்துவந்தார்.

பைப்பின் கிண்ணம் பிரையர் என்கிற மத்தியதரைக்கடல் பக்கத்துப் புதர்ச்செடியின் வேர்முண்டில் கடைவது. சூட்டைத் தாங்கும், எளிதில் எரியாது. புகையிலையை முதலில் விரலில் பிடித்துப் பார்க்க வேண்டும். கிள்ளி அழுத்தினால் ஒட்டிக்கொண்டு, விட்டால் மெதுவாகப் பிரிய வேண்டும். ஈரம் அதிகமென்றால் ஆவி கிளம்பி நாக்கைச் சுடும். காய்ந்துபோனால் வேகமாக எரிந்து கிண்ணம் கொதிக்கும். முதல் பிடியை உதிரியாகக் கிண்ணம் நிறையத் தூவி, பாதிவரை இறங்கும்படி லேசாக அழுத்த வேண்டும். மறுபடி நிறையத் தூவி முக்கால்வரை. மூன்றாம் தடவை விளிம்புக்குக் கொஞ்சம் கீழேவரை. பிறகு நெருப்பில்லாமலே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிற அளவுக்குத் தடை இருந்தால் சரி. அதற்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி அடைக்க வேண்டும்.

இந்த மூன்று கைக் கணக்கை அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மரத்தூள் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கேஸ் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் அதுதான் எரிந்தது. தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி இடித்து, கடைசியில் பாட்டிலைத் திருகி உருவ வேண்டும். நடுவில் காற்றுப் போக ஒரு குழி நிற்கும். தூளைத் தளர்வாகப் போட்டால் பாதிச் சமையலில் சரிந்து அணைந்துவிடும். அளவு தாண்டி இடித்தால் புகை மட்டுமே வரும். பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் காலையில் நான் அதை அடைத்தேன். எங்கே மெதுவாக, எங்கே அழுத்தமாக என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். குழந்தைக் கை, பெண் கை, ஆண் கை மூன்றும் ஒரே சிறுமியின் கையில் இருந்தன. பைப்பை அடைத்துக் கொடுத்தேன். அவர் வாயில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார்.

பற்றவைப்பதும் அடுப்பு மாதிரிதான். தீக்குச்சியின் மருந்து எரிந்து முடிகிறவரை பொறுத்து, தீயை வட்டமாகக் காட்ட வேண்டும். முதல் தீயில் மேல் அடுக்கு பொங்கி எழும்பும். அதை லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது தீ வைத்தால்தான் நிற்கும். பிறகு அவசரமே கூடாது. ஊதுகிற பழக்கமுள்ளவர்கள் போல இழுத்தால் வாய் வெந்துவிடும். சூடான கஞ்சியைக் குடிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, தாங்க முடியாத சூடு என்றால் கீழே வைத்துவிட வேண்டும். அணைந்தால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் ஆறவிட்டு, பஞ்சு சுற்றிய கம்பியைத் தண்டுக்குள் விட்டுத் துடைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றக் கூடாது. ஒருநாள் பிடித்த பைப்புக்கு மறுநாள் ஓய்வு கொடுக்க வேண்டும்.

பைப்புக்கு ஓய்வுநாள் உண்டு என்று கேட்டபோது சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் அது எந்தப் பெண்ணுக்கும் கிடையாது.

வீட்டில் பேச்சு வந்தது. என் மாமியார் சொன்னதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு உண்மை இருந்தது. “வேணுமின்னா வாயில போட்டு அடக்கிக்க. இப்படி ஊர் பாக்க ஊதாத.” அவர் நாற்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். அவர் தடுத்தது புகையிலையை அல்ல, தெருவுக்குத் தெரிகிற புகையை.

இந்தியா முழுவதும் 2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பும் ஏறக்குறைய இதையே காட்டுகிறது. புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2 சதவீதம். மெல்லுவது, அடக்குவது போன்ற புகையில்லாப் புகையிலையில் ஆண்கள் 29.6 சதவீதம், பெண்கள் 12.8 சதவீதம். வாய்க்குள் அடக்குவதில் ஆண்கள் பெண்களைப்போல் இரண்டேகால் மடங்கு என்றால், வெளியே ஊதுவதில் ஒன்பது மடங்குக்கு மேல். உடல்நலம்தான் காரணம் என்றால் இரண்டிலும் இடைவெளி ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடற்கரையோரத்தில் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் திருப்பி வைத்துப் புகைக்கும் பெண்கள் உண்டு. தீயையே உள்ளே மறைத்துக்கொள்கிற அந்தப் பழக்கம் மேலண்ணத்தில் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள்.

பெண்ணைப் புகையிலிருந்து காப்பாற்றுகிற அக்கறை இந்தச் சமூகத்துக்கு இருந்ததே இல்லை. விறகு அடுப்பின் முன்னால் ஊதுகுழலோடு குனிந்து கண்ணெரிந்த பெண்களைப் பார்த்து யாரும் “பொம்பளைக்கு எதுக்குப் புகை” என்று கேட்கவில்லை. அங்கேயும் ஒரு குழல்தான். அதில் ஊதினால் வீட்டுக்குச் சோறு. அந்தப் புகை குடும்ப கௌரவத்துக்குள் அடங்கிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிற பொறியையும் சொல்லிவிட வேண்டும். 1908இல் நியூயார்க் நகரம் பொது இடங்களில் பெண்கள் புகைப்பதற்கு எதிராக ஒரு ஆணை கொண்டுவந்தது. கேட்டி மல்கஹே என்ற பெண்ணைக் கைது செய்து 5 டாலர் அபராதம் போட்டார்கள். இரண்டு வாரத்தில் மேயர் அந்த ஆணையை ரத்து செய்தார். 21 வருடம் கழித்து, 1929 ஈஸ்டர் ஊர்வலத்தில் அதே நகரத்தின் ஐந்தாவது அவென்யூவில் இளம்பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். விடுதலையின் தீப்பந்தங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர். பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. தடுத்தவர்களுக்கு நம் ஒழுக்கம் வேண்டியிருந்தது, அழைத்தவர்களுக்கு நம் காசு வேண்டியிருந்தது. ஆகவே பைப் பிடிப்பது விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். உதடு, நாக்கு, தொண்டை எங்கும் புற்றுநோய் வர வழி உண்டு.

மாசிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த என் பெரியம்மா எங்கள் வீட்டில் தங்கினார். குடியாத்தத்துக்குக் கட்டிக்கொடுத்தவர். 35 வருடம் பீடி சுற்றியவர். மாடத்தில் இருந்த பைப்பைப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா இது, சாமியாருங்க வெச்சிருக்கறதாட்டம்?” என்று கையில் எடுத்தார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினார். மோந்து பார்த்தார். “வெல்லப்பாகு ஊத்தினாப்பல கீது. நம்ம தூளு இப்படி வராது. நல்லா கமறும்” என்றார்.

அவருக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. மூன்று அடுக்கைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இடது கையில் பைப்பைப் பிடித்து, வலது கையின் மூன்று விரலால் ஒரே ஓட்டத்தில் நிரப்பி, கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றி அமுக்கினார். வாயில் வைத்து வெறுங்காற்றை இழுத்துப் பார்த்து, “காத்து போவுது” என்று என்னிடம் நீட்டினார். ஐந்து நொடிகூட ஆகியிருக்காது. நான் அன்றுவரை அடைத்த எதுவும் அத்தனை சீராக எரியவில்லை.

அந்தக் கைக்கு அது எப்படி வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற பீடி இலையை நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, தகட்டு அளவு வைத்து வெட்டி, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலைக்குள் தூளைப் போட்டு உருட்டி, முனையை மடித்து, நூலால் கட்ட வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. தூள் கூடினால் பீடி இழுக்காது, குறைந்தால் அணைந்துபோகும். இரண்டுமே கடையில் கழித்துப் போடுவார்கள், அந்த உழைப்புக்குக் காசு வராது. ஒருநாளைக்கு 800 என்று வைத்தாலும், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும், 35 வருடத்தில் 84 லட்சம் பீடி. பெண்ணின் கை என்று விதி சொல்கிறதே, அது இந்தக் கைதான். யாரோ ஒரு ஆணின் வாயில் காற்று சரியாகப் போக வேண்டும் என்பதற்காக 84 லட்சம் தடவை அழுத்தம் பழகிய கை.

பெரியம்மா ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. தூள் மட்டும் அவர் மூச்சில் ஏறியிருக்கிறது. பேச்சின் நடுவே வருகிற இருமலுக்கு அவர் நின்று காத்திருக்கப் பழகிவிட்டார். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1976இல் நலநிதி வந்தது. அந்த நிதிக்காகப் பீடியின்மீது வாங்கிய வரி 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. கர்நாடகத்து நிப்பாணியில் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் சங்கம் கட்டிப் போராடியதை யுகாந்தர் என்ற பெண்ணியத் திரைப்படக் குழு 1982இல் ஆவணப்படமாக எடுத்தது. புகையிலையின் வரலாற்றில் நாம் தேட வேண்டிய பெண்கள் ஐந்தாவது அவென்யூவில் இல்லை, நிப்பாணியிலும் குடியாத்தத்திலும் முக்கூடலிலும் இருக்கிறார்கள்.

மிசோரமில் பெண்களுக்கென்றே ஒரு பைப் இருந்தது. மூங்கிலில் தண்ணீர் நிரப்பிய நீர்ப்புகைக் குழாய். புகை ஊறிய அந்தத் தண்ணீருக்குத் துய்புர் என்று பெயர். பெண்கள் புகைத்துச் சேர்த்த நீரை ஆண்களும் விருந்தினரும் வாயில் வைத்துச் சுவைத்தார்கள். பெண் பைப் பிடிப்பதற்கு ஊரே அனுமதித்த இடத்தில்கூட, அவள் பிடித்த பைப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு பொருள் கிடைக்க வேண்டியிருந்தது.

பைப் என்றாலே நினைவுக்கு வருகிறவர் ஷெர்லாக் ஹோம்ஸ். 1887இல் வந்த முதல் கதையிலேயே, உதிர்ந்த சாம்பலை வைத்துக் கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். அந்தச் சுருட்டைச் சுற்றிய கையைப் பற்றிக் கதையில் ஒன்றும் இல்லை. 1891இல் வந்த இன்னொரு கதையில் ஒரு சிக்கலை அவிழ்க்க மூன்று பைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, ஐம்பது நிமிடம் தன்னிடம் யாரும் பேசக் கூடாது என்று நண்பரைக் கேட்டுக்கொள்கிறார். சின்ன வயதில் படித்தபோது இதைத் தாண்டிப் போய்விட்டேன். பைப் பழகிய பிறகுதான் அந்த ஐம்பது நிமிடம் கண்ணில் பட்டது.

ஒரு பைப்பை ஒழுங்காகப் பிடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் நாக்கு சுடும், விட்டுவிட்டுப் போனால் அணையும். அந்த நேரம் முழுக்க ஒரே இடத்தில் குந்தியிருக்க வேண்டும். அடைப்பதும் பற்றவைப்பதும் எனக்கு ஒரே மாலையில் வந்தது. உட்கார்வது வரவேயில்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். பையன் “அம்மா” என்பான். பால்காரர் வருவார். கூப்பிடாதபோதும் யாராவது கூப்பிடுவார்கள் என்று உடம்பு பாதி எழுந்தபடியே இருக்கும். 2019இல் எடுத்த அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்குத் தினம் 299 நிமிடம் செலவிடுவதாகவும், வீட்டுவேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் இருக்கிறது. அப்படி ஏதாவது செய்ததாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். டீக்கடை பெஞ்சும் கோயில் மண்டபமும் பாதையோரச் சிமெண்டுத் திட்டும் யாருக்குக் கிடைக்கின்றன என்பதற்கு இதுவே போதும். அங்கே பீடி ஒரு சாக்குத்தான். “இன்னாப்பா குந்தியிருக்க” என்று யாராவது கேட்டால் கையில் பீடி பதிலாக இருக்கிறது. நம் கையில் முறம், கீரை, பூக்கட்டு, பிள்ளையின் தலை என்று ஏதாவது ஒரு வேலை இருந்தால்தான் திண்ணையில் உட்காரலாம்.

அன்று இரவு கிரிவலத்துக்குக் கிளம்புமுன் பெரியம்மா அடைத்த பைப்போடு வாசலில் உட்கார்ந்தார். பற்றவைக்கவில்லை. சும்மா பிடித்திருந்தார். தெருவில் ஜனம் போய்க்கொண்டிருந்தது. மலைக்கு மேல் நிலா ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “கையில தூளு இல்லாம நான் இப்படி குந்தினதே இல்ல பாப்பா” என்றார். பைப்பில் இருந்த தூள் அவர் கணக்கில் வரவில்லை, அது கூலிக்குச் சுற்றுகிற தூள் இல்லையே.

பங்குனியில் ஜெர்மனிக்காரம்மா ஊருக்குப் போனார். பைப்பை எனக்கே கொடுத்துவிட்டார். டப்பாவில் இருந்த புகையிலை சித்திரையில் தீர்ந்தது. நான் மறுபடி வாங்கவில்லை. அதில் தியாகமும் இல்லை, திருந்தலும் இல்லை. விலை அதிகம், பெரியம்மாவின் இருமலும் காதில் இருக்கிறது. ஆனால் ஆறு மணியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. குக்கரை இறக்கிவிட்டுத்தான் உட்கார்கிறேன், அல்லது யாராவது இறக்கிக்கொள்ளட்டும் என்று உட்கார்கிறேன். முதல் மாதம் வீட்டில் முகம் சுளித்தார்கள். இப்போது பையன் தானே காபி போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். தண்ணீர் அளவு இன்னும் சரியாக வரவில்லை.

நம் மகள்களுக்குப் பைப்பைக் கொடுக்க வேண்டாம். ஆயாவிடம் இருந்து நடுவில் தொலைந்த அந்த முக்கால் மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும், கையில் எதுவும் இல்லாமல். போன வாரம் எதிர்வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்று, “இன்னா, சும்மாவா குந்திக்கினு இருக்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவரும் பக்கத்தில் குந்தினார்.